மூன்று மாத்திரைகள், ஒரே டாக்டர்: குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதலில் மடக்கிய சுப்பாராவ்

ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு நாள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, நீல நிற மாத்திரை ஒன்றைக் கொடுத்து, டீச்சர் கண் முன்னாடியே முழுங்கச் சொல்வாங்களே, ஞாபகம் இருக்கா? இரும்புச்சத்தோடு ஃபோலிக் ஆசிட் சேர்ந்த மாத்திரை அது. வீடு வீடாக வந்து சுகாதாரப் பணியாளர்கள் யானைக்கால் நோய் வராமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனதையும் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது மாத்திரை பெரியவர்களுடையது. பாட்டிக்கோ அத்தைக்கோ முடக்குவாதம் இருந்தால், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்.

இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார். பெயர் எல்லாப்ரகடா சுப்பாராவ். நம்ம சென்னையில் படித்தவர். அமெரிக்காவில் 53 வயதில் இறந்துபோனவர்.

நாம் பேசப்போவது அந்த மூன்றாவது மாத்திரையைப் பற்றி. ஏன்னா, மெத்தோட்ரெக்ஸேட் முதலில் உருவானது முடக்குவாதத்துக்காக இல்லை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக. இன்றைக்கு ஒரு குழந்தைக்கு லுக்கேமியா என்று தெரிந்ததும் ஜீன் பேனல் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே, அந்த டெஸ்ட் எதற்கு என்று புரிய வேண்டுமானால் சுப்பாராவ் கதையில் இருந்துதான் ஆரம்பிக்கணும்.

மூணாவது அட்டெம்ப்ட்

1895 ஜனவரி 12. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். இன்று அது ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதி. அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடம்புக்கு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டுவிட, வீட்டில் பணக் கஷ்டம்.

பையனுக்குப் படிப்பில் மனசு ஒட்டவில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டே ஓடினான். பாதியிலேயே பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸானான். அரியர் வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது மனசு சாமியார் பக்கம் திரும்பியது. ராமகிருஷ்ண மடத்தில் சேரப் போனவரை, மருத்துவம் படித்து மக்களுக்குச் சேவை செய் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படித்தான் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குள் நுழைந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் கைகொடுத்தார். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியையே சுப்பாராவ் திருமணம் செய்துகொண்டார்.

அது காந்தியின் காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகவே செய்திருந்தும், கடைசியில் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். பட்டம்தான். அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை.

சகோதரர்களைக் கொண்டுபோன நோய்

இதற்கிடையில் வீட்டில் பேரிடி. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம், ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டல நோய். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. ஓயாத பேதி, ரத்தசோகை, ஆள் துரும்பாகிவிடுவார். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார்.

சகோதரர்களைக் கொன்றது என்ன, அதற்கு மருந்து ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. மாமனார் கொடுத்த பணம், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவி, இரண்டையும் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். 1923 அக்டோபரில் பாஸ்டனில் இறங்கினார். ஊரில் மனைவி கர்ப்பம். பிறந்த மகன் குழந்தையாகவே இறந்துபோனான். அவன் முகத்தை சுப்பாராவ் பார்க்கவே இல்லை. மனைவியையும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சில வருஷங்களில் திரும்பிவிடலாம் என்று போனவர் கடைசிவரை திரும்பவே இல்லை.

பகலில் ஹார்வர்டு, இரவில் வார்டு வேலை

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காசு வேண்டுமே? பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவும் வேலை. சொந்த ஊரில் டாக்டர், இங்கே வார்டு பாய்.

பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எளிய முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். பயோகெமிஸ்ட்ரி படிக்கும் நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று சட்டென்று சொல்வார்கள். தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டினையும், உடம்பின் எரிபொருள் என்று நாம் பள்ளியில் படிக்கும் ஏ.டி.பி.யையும் அடுத்த சில வருஷங்களிலேயே பிரித்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்ததும் அதே 1929-ல்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே என்ற மருந்து ஆய்வுக்கூடத்துக்கு முழுநேரமாகப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

பம்பாயில் கிடைத்த துப்பு

இப்போ கொஞ்சம் பின்னால் போகணும். 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாக மில் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்கு, கடுமையான ஒரு வகை ரத்தசோகை இருந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை வில்ஸ் பார்த்தார். ஈஸ்ட்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது என்ன என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கீரையில் இருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். இலைக்கான லத்தீன் சொல்லில் இருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். 1945-ல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது. இனி டன் கணக்கில் கீரையை அரைக்க வேண்டியதில்லை. இதில் சுப்பாராவுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வலி உண்டு. அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கு இந்த ஃபோலிக் ஆசிட் நல்ல மருந்து என்பது அடுத்த சில மாதங்களில் தெரியவந்தது. கால் நூற்றாண்டு தாமதம்.

அவருடைய துறையில் அதே காலத்தில்தான் யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின் உருவானது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசினும் அங்கேதான் பிறந்தது.

பதினாறு குழந்தைகள்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு நோய்க்குறியியல் மருத்துவர். லுக்கேமியா குழந்தைகள் வந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோவதைப் பார்த்து நொந்துபோனவர். ஃபோலிக் ஆசிட் ரத்த அணுக்களை வளர்க்கிறதே என்று லெடர்லேயில் இருந்து அதன் உறவுக்கார ரசாயனங்களை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். நடந்தது நேர்மாறு. புற்றணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகுவதுபோல் தெரிந்தது.

அங்கேதான் அவர் யோசனை திரும்பியது. சத்து கொடுத்தால் புற்று வளருமென்றால், அந்தச் சத்தைத் தடுத்தால் புற்று சுருங்குமா? ஃபோலிக் ஆசிட் போலவே உருவம், ஆனால் செல்லுக்குள் போய் வேலையைக் கெடுக்கும் போலிகள் வேண்டும் என்று கேட்டார். சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. முதலில் அமினோப்டெரின். அடுத்து, அதைவிடப் பாதுகாப்பான மெத்தோட்ரெக்ஸேட்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கணும். டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள். அதில் டி எழுத்தைச் செய்ய ஃபோலேட் கட்டாயம் வேண்டும். போலி மருந்து அந்தப் பாதையை அடைத்துவிடும். எழுத்து இல்லாமல் நகல் எடுக்க முடியாது. வேகமாகப் பெருகும் புற்றணுதான் முதலில் சாகும். டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1953-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே அதன் எழுத்தை இந்த மருந்து தடுத்துக்கொண்டிருந்தது.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். குழந்தைகளின் லுக்கேமியாவை ஒரு மருந்தால் மடக்க முடிந்தது அதுவே முதல் தடவை. ஆனால் எதுவும் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது.

அந்த ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்தார். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று 1946-ல் சட்டம் வந்தபோதும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தியராகவே போய்ச் சேர்ந்தார். இந்திய அரசு 1995-ல் அவர் நூற்றாண்டுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள்.

மீதி ஆறு பேர்?

பத்துப் பேருக்குக் கேட்ட மருந்து மீதி ஆறு பேருக்கு ஏன் கேட்கவில்லை? கேட்ட பத்துப் பேருக்கும் ஏன் திரும்ப வந்தது? சுப்பாராவ் விட்டுப்போன கேள்வி இதுதான்.

முதல் பாதிப் பதில் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதில் கிடைத்தது. 1950-களில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோப்யூரின் வந்தது. 1962 முதல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளைக் கூட்டி, வருஷக்கணக்கில் கொடுத்து, பாதிக் குழந்தைகளைக் காப்பாற்றும் நிலைக்குக் கொண்டுவந்தார். வசதியான நாடுகளில் இன்று ஏறக்குறைய 90 சதவிகிதக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகையின் கணக்கு இது. சுப்பாராவின் மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் அந்தச் சிகிச்சையின் தூண்களில் ஒன்று.

மறுபாதிப் பதில் ஜீன்களில் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் லுக்கேமியா, உள்ளே ஒரே நோய் இல்லை. புற்றணுவின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் பிழை என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. இ.டி.வி.6, ரன்க்ஸ்1 என்ற இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்ட வகை, சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். ஆனால் அந்த ஒட்டு சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியாது. கைக்குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவில் அதிகம் பார்க்கப்படும் கே.எம்.டி.2ஏ மாற்றம் முரட்டு வகை. பிலடெல்பியா குரோமோசோம் என்ற வகையில் ஒருகாலத்தில் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. இமாடினிப் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. எந்த வகை என்று தெரியாவிட்டால் அந்த மாத்திரையை யாருக்குக் கொடுப்பது?

ஜீன் பேனல் என்னதான் செய்யும்?

எலும்பு மஜ்ஜையில் இருந்தோ ரத்தத்தில் இருந்தோ மாதிரி எடுப்பார்கள். அதில் இருந்து டி.என்.ஏ.வை, சில பேனல்களில் ஆர்.என்.ஏ.வையும், பிரிப்பார்கள். சின்னச் சின்னத் துண்டாக்குவார்கள். லுக்கேமியாவோடு தொடர்புடைய ஜீன்களை மட்டும் தூண்டில் போட்டதுபோல் பிடித்து எடுப்பார்கள். லட்சக்கணக்கான துண்டுகளை மெஷின் ஒரே நேரத்தில் எழுத்தெழுத்தாகப் படிக்கும். கம்ப்யூட்டர் அவற்றை அடுக்கி, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எந்த ஜீன் எதோடு ஒட்டியிருக்கிறது என்று சொல்லும். முன்பு ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனி டெஸ்ட் எடுத்த இடத்தில், இப்போ ஒரே ஓட்டத்தில் பல டஜன் ஜீன்கள்.

ஆனால் இதுவே எல்லாம் இல்லை. லுக்கேமியாவா என்று முதலில் சொல்வது ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தப் பூச்சு, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, ஃப்ளோ சைட்டோமெட்ரி ஆகியவைதான். பேனல் ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சிகிச்சை காத்திருக்காது. முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் உடம்பில் எவ்வளவு புற்றணு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் எம்.ஆர்.டி. பரிசோதனையும் அதே அளவு முக்கியம். இவை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் மருந்தைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று டாக்டர் முடிவெடுப்பார்.

இன்னொரு டெஸ்ட் நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு ரொம்ப முக்கியம். அது புற்றணுவின் ஜீன் இல்லை, குழந்தையின் சொந்த ஜீன். என்.யூ.டி.டி.15 என்று பெயர். இதில் ஒரு மாற்றம் இருந்தால், மெர்காப்டோப்யூரினை வழக்கமான அளவில் கொடுத்தாலே ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். அந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம், நம் தெற்காசியர்களிடமும்தான். முன்னாடியே தெரிந்தால் டோஸைக் குறைத்துக் கொடுக்கலாம்.

மணவாள நகரில் இருந்து பார்த்தால்

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்து மணவாள நகரில் இருக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் எட்டாத விஷயமா? ரயில் பாதையைப் பாருங்கள். ஒரு பக்கம் போனால் அரக்கோணம் தாண்டி காட்பாடி. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. மறுபக்கம் போனால் சென்ட்ரல். கும்மிடிப்பூண்டிப் பாதையும் வந்து முடிவது அங்கேதான். சென்ட்ரலுக்கு எதிரே சுப்பாராவ் படித்த கல்லூரி. அந்தக் கல்லூரியோடு சேர்ந்ததுதான் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. உண்டு. எந்த டெஸ்ட் எதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தூரத்தைவிடப் பெரிய தடை தாமதம். விட்டு விட்டு வாரக்கணக்கில் காய்ச்சல், முகம் வெளுத்துப்போவது, அடிபடாமலே உடம்பில் கன்றிய நீலத் தடயங்கள், கால் எலும்பு வலி என்று நடக்க மறுப்பது, கழுத்தில் கட்டிகள். இவை பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணங்களால்தான் வரும். ஆனாலும் அடங்காமல் தொடர்ந்தால், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஒரு ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்த்துவிடலாம். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டு அடக்க வேண்டாம். லுக்கேமியாவாக இருந்தால், அது கொஞ்ச நாள் நோயை மறைத்துப் பரிசோதனையைக் குழப்பிவிடும்.

அடுத்த தடை, பாதியில் நிறுத்துவது. ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் ஓடும். பிள்ளை நன்றாக ஓடியாடும்போது மாத்திரை எதுக்கு என்று தோன்றும். 1948-ல் எழுந்து விளையாடிய அந்தப் பத்துக் குழந்தைகளும் நன்றாகத்தான் தெரிந்தார்கள். உள்ளே மிச்சம் இருந்தது திரும்பி வந்தது. வீட்டில் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு நாள்தான். தப்பித் தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சத்து டானிக், ஃபோலிக் ஆசிட் மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

ஒரு விஷயத்தை மனசில் இருந்து இறக்கி வைத்துவிடுங்கள். ஜீன் என்று ரிப்போர்ட்டில் வந்ததுமே அம்மா வழியா, அப்பா வழியா என்று வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பிழை பரம்பரையாக வந்தது இல்லை. அந்தக் குழந்தையின் ஒரு ரத்த அணுவில் தற்செயலாக நடந்தது. யாரும் செய்த தப்பு இல்லை. அரிதாகச் சில குடும்பங்களில் மட்டும் பரம்பரைக் காரணம் இருக்கும். அப்படித் தெரிந்தால் டாக்டரே கவுன்சலிங்குக்கு அனுப்புவார்.

உங்கள் தெருவில், உறவில் யாருக்காவது இந்த நிலை வந்தால், கூடத் துணைக்குப் போகும் ஆள் நீங்களாக இருக்கலாம். போன் வைத்திருப்பவர், இங்கிலீஷ் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தானே. மூன்று கேள்வி மட்டும் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இது எந்த வகை, ஜீன் ரிப்போர்ட் எப்போது வரும்? மெர்காப்டோப்யூரின் ஆரம்பிக்கும் முன் என்.யூ.டி.டி.15 பார்த்தாச்சா? முதல் மாத முடிவில் எம்.ஆர்.டி. எவ்வளவு?

மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்ற ஒருவர் பதினாறில் பத்து என்ற கணக்கை நமக்கு விட்டுவிட்டுப் போனார். மீதி ஆறை ஈடுகட்ட எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஆயிரக்கணக்கானோர் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு நம்ம தெருப் பிள்ளைக்கும் வந்து சேர வேண்டுமானால், சரியான நேரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்து, கடைசி மாத்திரை வரை நிறுத்தாமல் கொடுக்கணும்.